ஐவர் போன இடத்துக்கு நால்வர்

என் மகள் பறக்கும் ஹெலிகொப்டரின் திறந்த கதவருகே நின்று வேலை செய்தவள். கடலில் தத்தளிக்கும் படகுக்கு மேலே ஹெலிகொப்டர் அந்தரத்தில் நிற்கும்போது, மீட்புப் பணியாளரைக் கம்பி வடத்தில் தொங்கவிட்டு இறக்குவதும், அவர் பிடித்துக் கொடுக்கும் ஆளை மேலே இழுத்து உள்ளே எடுப்பதும் அவளுடைய பொறுப்பு. விமானிக்குத் தனக்கு நேர் கீழே நடப்பது தெரியாது. "முன்னுக்குக் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம், அப்படியே நில்" என்று அவள் சொல்லச் சொல்லத்தான் அவர் ஹெலிகொப்டரை நிறுத்திப் பிடிப்பார். இதை எனக்கு விளங்கப்படுத்த, மொன்றியல் நகரின் கார்ட்டியர்வில் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு கரண்டியை நூலில் கட்டிச் சோற்றுப் பானைக்குள் இறக்கிக் காட்டினாள். நூலை என் கையில் தந்து பானையை அவள் ஆட்டினாள். என்னால் ஒருமுறைகூடப் பானைக்குள் இறக்க முடியவில்லை. கரண்டி விளிம்பில் இடித்துக்கொண்டே இருந்தது.

"பானை ஆடும், நீங்களும் ஆடுவியள், நூலும் ஆடும். மூண்டும் ஒரு கணம் ஒத்து வரும். அதைப் பிடிக்க வேணும் அம்மா" என்றாள்.

கனடாவில் கடலிலும் காட்டிலும் அகப்பட்டவர்களை ஹெலிகொப்டரில் தேடிப் போவது இராணுவத்தின் வேலை. ஆகவே அவள் சேர்ந்ததும் இராணுவத்தில்தான். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு சொல் உண்டு: ஆமி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஹெலியின் சத்தம் கேட்டால் மதிலோடு ஒட்டிப் படுக்கப் பழகியவர்கள் நாங்கள். கல்லூரியில் விமான இயந்திரம் படித்துக்கொண்டிருந்தவள், ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் வைத்து அதைச் சொன்னபோது என் கணவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டார்.

"என்ரை வீட்டுக்கை இருந்துகொண்டு ஆமிக்குப் போறன் எண்டு சொல்லுறாய்?"

"இது எங்கடை ஆமி அப்பா. கனேடிய ஆமி."

"எங்களுக்கு ஆமி எண்டு ஒண்டு இல்லைப் பிள்ளை."

"நான் சுடப் போகேல்லை. ஆக்களைத் தூக்கி எடுக்கப் போறன்."

"ஹெலியிலை வந்து ஆரையும் தூக்கி எடுத்ததை நான் காணேல்லை."

அவள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் பயிற்சிக்குப் போன நாளில் அவர் கதவுவரைகூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் யாராவது மகளைப் பற்றிக் கேட்டால், "எயார்போர்ட்டிலை வேலை" என்று சொல்லிவிட்டுக் காருக்கு நடப்பார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

பயிற்சி முடிந்து, கிழக்குக் கடற்கரையில் உள்ள ஒரு தளத்துக்கு அவளை அனுப்பினார்கள். முதல் லீவில் வந்தபோது, பனியில் வழிதவறிய ஒரு குடும்பத்தைக் காட்டுக்குள்ளிருந்து எடுத்த கதையைச் சொன்னாள். சின்னப் பிள்ளையொன்றை மீட்புப் பணியாளர் தன் நெஞ்சோடு கட்டிக்கொண்டு மேலே வந்ததாகவும், தான் கையை நீட்டி உள்ளே எடுத்ததாகவும் சொன்னாள். என் கணவர் தொலைக்காட்சியைப் பார்ப்பதுபோல இருந்தார். பேச்சு வேறு எங்கோ போன பிறகு, திரும்பாமலே கேட்டார்:

"அந்தப் பிள்ளைக்குக் குளிரேல்லையே?"

"குளிர்தான் அப்பா. என்ரை உடுப்புக்கை வைச்சிருந்தனான்."

அவர் ஓமென்று தலையாட்டினார். அவருடைய கோபம் அன்றைக்குத்தான் இறங்கியது.

அந்தப் பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்த மனிதரை நான் பிறகு ஒரு கோடையில் பார்த்தேன். ஏதோ பயிற்சிக்கு மகளும் அவரும் மொன்றியல் வந்திருந்தார்கள். "இவரைத்தான் அம்மா நான் இறக்குறனான்" என்று வாசலில் வைத்தே அறிமுகப்படுத்தினாள். அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். காது இரண்டும் குளிரில் சிவந்து சிவந்து அப்படியே நின்றுவிட்டது போன்ற முகம். கிழக்குக் கடற்கரைப் பக்கத்தில் பிரெஞ்சு பேசும் குடும்பத்தில் பிறந்தவர். நான் பத்து வருடத்துக்கு மேலாகக் கார்தெரி ஒன்றில், அதாவது வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்க்கும் இடத்தில், சமையல் செய்கிறேன். என் பிரெஞ்சு மூன்று வயதுப் பிள்ளைகளிடம் கற்றது. அவருடைய பிரெஞ்சோ காற்றில் பாதி பறந்துபோனது மாதிரி இருக்கும். இருவரும் ஒருவரை ஒருவர் பாதிதான் விளங்கிக்கொண்டோம், ஆனால் நிறையக் கதைத்தோம்.

நண்டுக் குழம்பும் புட்டும் செய்திருந்தேன். நண்டை எப்படி உடைப்பதென்று நாங்கள் அவருக்குக் காட்டத் தேவை இருக்கவில்லை. காலை உடைத்து உறிஞ்சியபடி, "இது என் அம்மா செய்வதைவிட நல்லது, ஆனால் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்" என்றார். கண்ணில் தண்ணீர் வரவரச் சாப்பிட்டார். தனக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்றும், மூத்தவளுக்குக் கடல் பிடிக்காது என்றும் சொன்னார். என் கணவருக்கு ஆளைப் பிடித்துவிட்டது. பால்கனியில் வைத்திருந்த தக்காளிச் செடிகளையெல்லாம் காட்டினார்.

"கீழே தொங்கும்போது பயம் இல்லையா?" என்று நான் கேட்டேன்.

"மேலே பார்த்தால் பயம் வரும் மதாம். உங்கள் மகள் கதவில் நின்றால் நான் மேலே பார்ப்பதில்லை."

மகள் வெட்கப்பட்டு ஏதோ ஆங்கிலத்தில் சொல்லி அவர் தோளில் தட்டினாள். இந்த ஊரில் கடலே இல்லையா என்று அவர் கேட்டதால், பின்னேரம் இல்-பிசார் ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கிருந்து லவாலுக்குக் கோடையில் ஓடும் சின்னப் பாதையில், நாலைந்து கார்களோடு மிதந்து அந்தக் கரைக்குப் போய், அதே பாதையில் திரும்பி வந்தோம். காரோடு ஆட்களை ஏற்றி ஆறு கடத்தும் தட்டைப் படகை எங்கள் ஊரில் பாதை என்றுதான் சொல்வது. அவர் கைப்பிடியில் சாய்ந்து நின்று, "உயிர்காப்பு அங்கிகள் எங்கே வைத்திருக்கிறார்கள்?" என்று தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் ஆற்றைப் பார்த்தார். ஆறு குளம் மாதிரிக் கிடந்தது.

எல்லாம் நன்றாக இருந்த காலம் என்று இதைச் சொல்ல மாட்டேன். அவர்களுடைய ஹெலிகொப்டர்கள் அடிக்கடி பழுதாகின. உதிரிப்பாகம் வர மாதக்கணக்கில் எடுக்கும். ஒன்றைக் கழற்றி மற்றதுக்குப் போடுகிறோம் என்று மகளே சொல்வாள். தளத்தில் ஆள் பற்றாக்குறை. லீவு கேட்டால் கிடைக்காது. ஆனால் எத்தனை பழசாக இருந்தாலும், போகும்போது ஐந்து பேர் போவார்கள்: இரண்டு விமானிகள், கதவில் என் மகள், கீழே இறங்க இரண்டு மீட்புப் பணியாளர்கள். ஒருவர் இறங்கி ஏதும் நடந்தால் மற்றவர் இறங்குவார். இதையும் அவள் குசினியில் வைத்துத்தான் சொன்னாள். அப்போது நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன், கவனமாகக் கேட்கவில்லை. பிறகு அந்த ஐந்து பேரைப் பற்றி வேறு ஆட்களுக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தது.

பனி கொட்டும் ஒரு மாரி காலத்தில் அவள் ஃபோன் எடுத்தாள்.

"அம்மா, எங்களை வித்துப்போட்டினம்."

எனக்கு விளங்கவில்லை. "ஆரை? ஆர் வித்தது?"

"எங்கடை தளத்தை. மீட்பு வேலையைக் கொம்பனிக்குக் குடுக்கினம். பழைய ஹெலியளைத் திருத்துறதைவிட அது சுகமாம். கொம்பனி புது ஹெலி கொண்டு வருமாம்."

"புதுசு நல்லதுதானே பிள்ளை?"

"ஓம் அம்மா, புதுசு நல்லதுதான்" என்றாள்.

இதைக் கேட்ட என் கணவர், "கொம்பனிக்காரன் கடலுக்கை போவானோ?" என்று மட்டும் கேட்டார். அவர் ஷபனேல் தெருவில் தையல் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர். வேலை ஒரு கொம்பனியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும்போது என்ன நடக்கும் என்பது அவருக்கு வடிவாகத் தெரியும்.

தளத்தில் இருந்தவர்களுக்கு இரண்டு வழிகளைக் கொடுத்தார்கள். இராணுவத்திலேயே இருப்பதானால் கடலே இல்லாத மேற்குப் பக்கம் போய்ச் சாமான் ஏற்றும் விமானங்களில் வேலை பார்க்கலாம். அல்லது இராணுவத்தை விட்டு விலகிக் கொம்பனியில் சேர்ந்து அதே கடலில் அதே வேலையைச் செய்யலாம். கொம்பனி ஆட்களைத் தெரிவு செய்தது மொன்றியலில், விமான நிலையத்துக்கு அருகே ஒரு ஹோட்டலில். மகள் முதல் நாளே வந்து எங்களோடு தங்கினாள். காலையில், "நீங்களும் வாங்கோ அம்மா, முடிய ரெண்டு பேரும் கடைக்குப் போவம்" என்றாள். கடைக்குப் போக அவளுக்கு எப்போதுமே விருப்பம் இல்லை. நான் கார்தெரிக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு போனேன்.

ஹோட்டலின் முன்மண்டபத்தில் புதிய ஹெலிகொப்டரின் பெரிய படம் ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். சிவப்பும் வெள்ளையுமாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. படத்தில் கடலும் அமைதியாக இருந்தது. ஒரு இளம்பெண் என்னையும் வேலைக்கு வந்தவள் என்று நினைத்தோ என்னவோ "பொன்ஜூர்" சொல்லி, கொம்பனியின் பெயர் போட்ட ஒரு துணிப்பையைத் தந்தாள். மகளோடு வேலை செய்த அந்த மனிதரும் வந்திருந்தார். கோட்டுக் கை அவருக்குக் கட்டையாக இருந்தது. என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மதாம், நண்டு கொண்டு வந்தீர்களா?" என்று கேட்டார். அவருடைய கைகள் ஈரமாக இருந்ததைக் கை கொடுக்கும்போது கவனித்தேன்.

முதலில் அவர் உள்ளே போய் வந்தார். பிறகு மகள் போனாள். திரும்பி வந்து என் முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்து சப்பாத்து நுனியைப் பார்த்தாள்.

"என்ன சொல்லினம்?" என்றேன்.

"நல்ல ஆக்கள்தான். மரியாதையாக் கதைச்சவை. ஹெலிக்குள்ளை ஹீட்டர் வேலை செய்யுமாம்" என்று சிரித்தாள். பிறகு, "நாலு பேர்தான் அம்மா" என்றாள்.

"என்ன நாலு?"

"நாலு பேர்தான் போறது. கீழை இறங்க ஒராள்தான். நான் கேட்டனான், இறங்கினவருக்கு ஏதும் நடந்தா ஆர் இறங்குறது எண்டு. வேறை நாடுகளிலை நாலு பேரோடைதான் செய்யினமாம், பிழையொண்டும் வரேல்லையாம். அப்பிடி ஏதும் எண்டா மற்ற தளத்திலை இருந்து இன்னொரு ஹெலியைக் கூப்பிடுவினமாம்."

"அது வர எவ்வளவு நேரம் செல்லும்?"

"அதையும் கேட்டனான்." அவள் என் மடியில் இருந்த துணிப்பையை எடுத்து மடித்தாள்.

அந்த மனிதர் எங்கள் தமிழ் விளங்காவிட்டாலும் என்ன கதைக்கிறோம் என்பதை விளங்கிக்கொண்டார். தன் வீடு அங்கே இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இருக்கிறது, வயதான தாய் இருக்கிறார், மேற்குக்குப் போய்ச் சாமான் ஏற்ற முடியாது என்றார். கையெழுத்துப் போடப் போவதாகச் சொன்னார். காரில் திரும்பி வரும்போது நான் மகளிடம், நீ ஏன் போகவேண்டும், உனக்கு அங்கே வீடுமில்லை, பிள்ளையுமில்லை என்றேன்.

"அவன் போறான் அம்மா. அவனை வேறை ஆரோ இறக்குறதை என்னாலை நினைச்சுப் பார்க்கேலாது" என்றாள்.

கடைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

கொம்பனியின் முதல் வருடம் நன்றாகவே போனது. அதைச் சொல்லத்தான் வேண்டும். புது ஹெலிகொப்டர்கள் கூப்பிட்டவுடன் கிளம்பின. பழுது என்று நிறுத்தி வைக்கவில்லை. மகளின் குரல் ஃபோனில் தெளிந்திருந்தது. நத்தார் பண்டிகைக்கு வந்தபோது முகத்தில் களைப்பில்லை. ஏதோ எல்லோரும் தேவையில்லாமல் பயந்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். என் கணவரும் கோவில் வாசலில், "இப்ப அவ கொம்பனியிலை" என்று சொல்லத் தொடங்கினார். ஆமி என்று சொல்லாமல் தப்பிக்க அவருக்கு ஒரு வழி கிடைத்திருந்தது.

இரண்டாவது மாரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்து நான் அடுப்பை மூட்டும்போது ஃபோன் வந்தது. மகள்தான். பின்னால் யாரோ கதைக்கும் சத்தம், கதவு அடிபடும் சத்தம்.

"அம்மா, அவன் ஏறேல்லை."

"ஆர்? எங்கை ஏறேல்லை?"

"அவன் ஏறேல்லை அம்மா" என்று திரும்பவும் சொன்னாள். பிறகு வேறொரு பெண் ஃபோனை வாங்கி, மகளுக்குக் காயம் எதுவுமில்லை, பிறகு கதைப்பாள் என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்துவிட்டாள். என் கணவர் என் முகத்தைப் பார்த்தே ஃபோனைப் பறித்துக் காதில் வைத்தார். அதற்குள் தொடர்பு அறுந்திருந்தது.

நடந்ததை அவள் ஒரே தடவையில் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்து தங்கியிருந்தபோது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். நான் கேட்டதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரு மீன்பிடிப் படகு. மூன்று பேர். வலைச் சாமான்கள் ஒரு பக்கம் சரிந்து, படகு சாய்ந்து கிடந்தது. காற்று பலமாக இருந்தாலும் அதைவிட மோசமான காற்றில் அவள் இறக்கியிருக்கிறாள். எங்கள் வீட்டில் நண்டு சாப்பிட்ட அந்த மனிதர் இறங்கினார். ஒருவனைக் கட்டி அனுப்பினார், அவள் எடுத்தாள். இரண்டாமவனையும் அனுப்பினார், எடுத்தாள். மூன்றாவது ஆள் படகை ஓட்டும் அறைக்குள் கால் அகப்பட்டுக் கிடந்தான். அவர் கொக்கியைக் கழற்றிவிட்டு மேலே கையைக் காட்டினார், பொறுங்கள் என்று. அறைக்குள் போனார். அப்போது ஒரு அலை வந்து படகை இன்னும் சரித்தது. அறைக் கதவு இருந்த பக்கம் தண்ணீருக்குள் போய்விட்டது.

"நான் வடத்தைக் கீழை வைச்சுக்கொண்டு நிண்டனான். கொக்கி கதவடியிலையே நிண்டது. சரியா அதிலையே வைச்சிருந்தனான்" என்றாள்.

எடுத்துப் போட்ட மீனவர்கள் இருவரும் ஹெலிகொப்டருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தன் அண்ணன் கீழே என்று கத்தினான். இறங்க ஆள் இல்லை. நான் இறங்குகிறேன் என்று அவள் விமானியிடம் கேட்டாள். அவள் இறங்கினால் வடத்தை ஏற்றி இறக்கும் வின்ச்சைப் பிடிக்க ஆள் இல்லை, திரும்ப ஏற்றவும் ஆள் இல்லை. விமானி மறுத்தார். அவர் சொன்னது சரி என்று அவளே என்னிடம் சொன்னாள். மற்றத் தளத்திலிருந்து ஹெலிகொப்டரை அழைத்துவிட்டுக் காத்து நின்றார்கள். எரிபொருள் முடிகிற அளவுக்கு நின்றார்கள். பிறகு வடத்தைச் சுற்றி எடுக்கும்படி விமானி சொன்னார்.

"வெறும் கொக்கியை நான்தான் சுத்தி எடுத்தனான் அம்மா."

மற்ற ஹெலிகொப்டர் வந்து சேர்ந்தபோது அங்கே படகு இல்லை. அந்த மூன்றாவது ஆளையும் அவரையும் கடல் தரவில்லை.

அடுத்த நாள் கொம்பனி ஒரு அறிக்கை விட்டது. மிகக் கடினமான நிலையில் இரண்டு உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று தொடங்கியது. தங்கள் பணியாளரின் இழப்புக்கு ஆழ்ந்த துயரம் தெரிவித்தது. எல்லா நடைமுறைகளும் பின்பற்றப்பட்டன என்று முடிந்தது. அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை.

எங்கள் தமிழ்க் கோவிலில் அவருக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கப் போனோம். பூசை வைக்கும் சுவாமி பெயரை எழுதிக்கொண்டு, தமிழ்ப் பெயர் இல்லையே, உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். என் கணவர்தான் பதில் சொன்னார்:

"எங்கடை வீட்டிலை சாப்பிட்ட பிள்ளை சுவாமி. என்ரை மகள் ஆமியிலை இருந்தவ. ஹெலியிலை. அவவோடை வேலை செய்தவர்."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. பூசையில் அந்தப் பெயரைச் சுவாமி பிழையாக உச்சரித்தார். மகள் முன்வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் முழங்காலில் நின்றபோதும் அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

விசாரணை ஒன்று நடந்தது. அவள் போய்ச் சாட்சி சொல்லி வந்தாள். முடிவு வர ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. அதற்குள் அவள் கொம்பனியை விட்டு, பெட்டிகளோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அறிக்கை கணினியில் வந்த அன்று சாப்பாட்டு மேசையில் இருந்து வாசித்தாள். நான் பின்னால் நின்றேன். குறிப்பிட்ட ஒரு இடத்தில் நிறுத்தி எனக்குத் தமிழில் சொன்னாள்: இரண்டாவது மீட்புப் பணியாளர் இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று சொல்ல இயலாது.

"இதென்ன கதை? ஆள் இருந்திருந்தா இறங்கியிருப்பார்தானே?" என்று நான் கோபப்பட்டேன்.

"இறங்கியிருப்பார். அவரும் செத்திருப்பாரோ, அவனைக் கொண்டு வந்திருப்பாரோ, ஆருக்குத் தெரியும். சரியாத்தான் எழுதியிருக்கினம் அம்மா. பிழை பிடிக்க ஒண்டுமில்லை." கணினியை மூடினாள். "எனக்கும் தெரியாது. அதுதான்."

அவள் சும்மா இருந்துவிடவில்லை. எங்கள் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போனோம், நானும் கூடப் போனேன். நல்ல மனிதர். கோப்பி தந்தார். முழுவதையும் கேட்டார். ஐந்து பேர், நான்கு பேர் என்பதை நான் அவருடைய உதவியாளருக்குப் பிரெஞ்சில் இன்னொரு முறை சொன்னேன். அந்தக் கடற்கரை தன் தொகுதியிலிருந்து மிகத் தூரம் என்றும், ஆனாலும் அமைச்சருக்கு எழுதுவதாகவும் சொன்னார். எழுதினார். அமைச்சரின் பதிலும் வந்தது. அது நன்றி சொல்லித் தொடங்கி, பாதுகாப்பே முதன்மையானது என்று முடிந்தது. ஒரு பத்திரிகையாளர் வந்து அவளோடு கதைத்தார். கொம்பனியோடு போட்ட ஒப்பந்தப்படி கதைக்கக்கூடாது, ஆனாலும் அவள் கதைத்தாள். செய்தி வந்த காலையில் நான் பேருந்தில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் அதை வாசிக்கவில்லை. கொம்பனி அவள்மேல் வழக்குக்கூடப் போடவில்லை. அதற்கு அவசியம் இருக்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் இன்னொரு கடற்கரைத் தளத்தையும் அதே மாதிரிக் கொம்பனிக்குக் கொடுத்தார்கள். செய்தியைக் கேட்ட என் கணவர், "திருப்பி ஆமியிட்டைக் குடுக்கச் சொல்லிக் கேக்கேலாதோ?" என்றார். வாழ்க்கையில் அப்படி ஒரு கேள்வியை அவர் கேட்பார் என்று நான் நினைத்ததில்லை.

"ஆரிட்டைக் குடுக்கிறது அப்பா?" என்றாள் மகள். "அங்கை இப்ப ஆக்கள் இல்லை. பழக்கினவை எல்லாம் விட்டிட்டுப் போட்டினம். ஒராள் பென்சனிலை, ஒராள் வீடு விக்கிறார், மற்ற ஆக்கள் கொம்பனியிலை. புதுசா ஒருத்தரைக் கதவிலை நிப்பாட்டுறதெண்டா பழக்க ஆள் வேணும். அந்த ஆளே இல்லை. இனி விருப்பம் வந்தாலும் ஏலாது."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

மகள் இப்போது சுப்பர்மார்க்கெட்டுகளின் குளிரூட்டிகளைத் திருத்தும் வேலை செய்கிறாள். இயந்திரம் படித்தவளுக்கு அது சுலபம். திருத்த வேலைக்குத் தந்த வெள்ளை வான் ஒன்று எங்கள் கட்டிடத்துக்கு முன்னால் நிற்கும். அவளுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. கலியாணம் பற்றி நாங்கள் கேட்பதில்லை. இறந்தவரின் மனைவி இடைக்கிடை ஃபோன் எடுப்பார். அப்போது மகள் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் அவள் அதிகம் பேசுவதில்லை, கேட்டுக்கொண்டே நிற்பாள். அந்தப் பெண் என்ன கேட்கிறார் என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்டும் கேக்கிறேல்லை. பிள்ளையளின்ரை பள்ளிக்கூடக் கதை சொல்லுவா" என்றாள்.

போன மாதம் ஹெலிகொப்டர் கொம்பனியிலிருந்து ஃபோன் வந்தது. புதுத் தளத்துக்குக் கதவில் நிற்க அனுபவமுள்ள ஆள் தேவையாம். அவள் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். அந்தப் பக்கம் பேசிய பெண்ணின் குரல் இதமாக இருந்தது. எத்தனை பேர் போவது என்று மகள் கேட்டாள். நான்கு பேர் என்றாள் அந்தப் பெண், அது ஏன் கேட்கப்படுகிறது என்றே தெரியாதவள்போல. யோசித்துச் சொல்கிறேன் என்று மகள் வைத்துவிட்டாள்.

"உதிலை யோசிக்க என்ன கிடக்கு?" என்று நான் கேட்டேன்.

"நான் இல்லையெண்டா வேறை ஆரையோ நிப்பாட்டுவினம் அம்மா. காற்றிலை ஒருநாளும் இறக்கிப் பாராத ஆளா இருக்கும். கீழை போறவன் மேலை பார்த்துப் பார்த்துத்தான் இறங்குவான்."

"அதுக்கு நீ போகப் போறியோ?"

"நான் போனாலும் நாலு பேர்தானே."

அந்தக் கிழமை முழுவதும் வழமைபோல வேலைக்குப் போய் வந்தாள். பிறகு ஒரு காலையில் அவளே ஃபோன் எடுத்து, வரவில்லை என்று சொன்னாள். பரவாயில்லை, அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஆள் எடுத்தாகிவிட்டது, ஒரு இளம்பெண், பயிற்சியில் இருக்கிறாள் என்று பதில் வந்தது. "மெர்சி, பொன் ஜூர்னே" என்று அந்த இதமான குரல் பிரெஞ்சில் நன்றி சொல்லி, நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்தியும் வைத்தது.

மகள் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். அது மறுபடியும் அடித்தது. இந்த முறை குளிரூட்டி வேலை. நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு கடையில் இறைச்சி வைக்கும் பெட்டி நின்றுபோய்விட்டதாம். இறைச்சி பழுதாக முன்னம் போகவேண்டும் என்று சொல்லி, நின்ற நிலையிலேயே அவசரமாகச் சப்பாத்தைப் போட்டாள்.